முழிச்சிட்டாரா?

2011 ஜனவரி 8, சனிக்கிழமை. அமெரிக்காவின் டூசான் நகரத்தில் ஒரு சூப்பர் மார்க்கெட் வாசலில் தொகுதி மக்களைச் சந்தித்துக்கொண்டிருந்த நாடாளுமன்ற உறுப்பினர் காப்ரியேல் கிஃபர்ட்ஸை ஒருவன் மிக அருகிலிருந்து தலையில் சுட்டான். அன்று அந்தத் தாக்குதலில் ஆறு பேர் இறந்தார்கள். கிஃபர்ட்ஸின் இடது பக்க மூளையைத் துளைத்துக்கொண்டு போனது குண்டு. கணவர் மார்க் கெல்லி விண்வெளி வீரர். அப்போது ஹூஸ்டனில் இருந்தார். நண்பரின் விமானத்தில் டூசானுக்குப் பறந்துகொண்டிருக்கும்போதே, மனைவி இறந்துவிட்டதாகத் தொலைக்காட்சி அறிவித்தது. அது தவறான செய்தி என்று ஃபோனில் உறுதியாகும்வரை அவர் மனைவியை இழந்தவராகவே உட்கார்ந்திருந்தார்.

இந்த அத்தியாயம் முழுக்க இவர்கள் இருவரும் நம்மோடு வருவார்கள். ஆபரேஷன் தியேட்டரிலிருந்து வீடு திரும்பும்வரை நடந்ததை மருத்துவர்கள் அவ்வப்போது செய்தியாளர்களிடம் சொன்னார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் கணவனும் மனைவியும் சேர்ந்து புத்தகமே எழுதிவிட்டார்கள். கட்டிலுக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்தவர் கண்டதும் கேட்டதும் இவ்வளவு விவரமாகக் கிடைப்பது அபூர்வம். அந்த நாற்காலிக்காரரைப் பற்றித்தான் இங்கே பேச்சு. நோயாளியை எழுப்புவது அவர் கையில் இல்லை. ஆனால் நோயாளிக்கு உணர்வு திரும்பிக்கொண்டிருப்பதை முதலில் கண்டுபிடிக்க வாய்ப்புள்ளவர் அவர்தான். அதற்கு அன்பு மட்டும் போதாது, முறையும் வேண்டும்.

மண்டையோடு விரிந்து கொடுக்காது. உள்ளே மூளை வீங்கினால் அழுத்தம் ஏறி, மூளைக்கு ரத்தம் போவது குறையும்; அடிபடாத பகுதிகளும் கெடத் தொடங்கும். அதனால் கிஃபர்ட்ஸின் இடப்பக்க மண்டையோட்டில் பெரிய துண்டு ஒன்றை அறுத்தெடுத்துத் தனியே பாதுகாத்தார்கள். பிறகு மருந்து கொடுத்து ஆழ்ந்த மயக்கத்திலேயே வைத்தார்கள். இதையும் கோமா என்றுதான் சொல்கிறோம். ஆனால் இது டாக்டர் உண்டாக்கிய கோமா: மூளையின் வேலையைக் குறைத்து அதன் ஆக்ஸிஜன் தேவையைக் குறைப்பதற்காக, தொண்டைக் குழாயை உடம்பு எதிர்க்காமல் இருப்பதற்காக. மருந்தை நிறுத்தினால் அது விலகும். மூளை அடிபட்டதால் வந்த கோமா அப்படி நம் சொல் கேட்காது. ஐ.சி.யூ. வாசலில் நிற்கும் குடும்பம் முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான்: "இது மருந்து மயக்கமா, அடிபட்ட மயக்கமா? மருந்தை எப்போ குறைப்பீங்க?"

கிஃபர்ட்ஸுக்கு அந்த மருந்தை அவ்வப்போது குறைத்துச் சோதித்தார்கள். "இரண்டு விரலைக் காட்டுங்கள்" என்றால் இடது கையில் இரண்டு விரல் எழுந்தது. வெளியே இருப்பவர்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம். டாக்டர்கள் முகம் மலர்ந்ததற்குக் காரணம் உண்டு. காதில் விழுந்த சொல் பொருளாகி, பொருள் எண்ணமாகி, எண்ணம் கைவிரலுக்கு ஆணையாகிப் போயிருக்கிறது. அவ்வளவு நீளமான பாதையும் அறுபடாமல் இருந்தால்தான் இரண்டு விரல் எழும்.

இதை எண்ணாக்கிக் கொடுத்தவர்கள் கிளாஸ்கோ நகரத்து மருத்துவர்கள் கிரஹாம் டீஸ்டேலும் பிரையன் ஜென்னட்டும். 1974-ல் அவர்கள் வகுத்த அளவுகோல்தான் இன்று உலகம் முழுக்க கேஸ் ஷீட்டில் ஜி.சி.எஸ். என்று எழுதப்படுகிறது. கண் திறப்பதற்கு 4 வரை, பேச்சுக்கு 5 வரை, கைகால் அசைவுக்கு 6 வரை. எதுவுமே இல்லாவிட்டாலும் 3 கிடைக்கும். முழு விழிப்புக்கு 15. எட்டும் அதற்குக் கீழும் கோமா என்று கொள்வது வழக்கம். இந்த எண்ணைக் கேட்டுக்கொண்டு குடும்பத்தார் படும் பாட்டைப் பல மருத்துவமனை வராண்டாக்களில் பார்க்கலாம்: நேற்று 7 சொன்னாங்க, இன்னிக்கு 6 ஆயிடுச்சே! தொண்டையில் குழாய் இருப்பவருக்குப் பேச்சு மதிப்பெண்ணே போட முடியாது. தூக்க மருந்து ஏறியிருந்தால் மற்ற இரண்டும் குறையும். மொத்தத்தைவிட, அசைவுக்கு எத்தனை என்று கேட்பதே பயன் தரும்.

விழிப்பு என்று நாம் பொதுவாகச் சொல்வதில் இரண்டு சங்கதிகள் கலந்து கிடக்கின்றன. 1949-ல் ஜூசெப்பே மொருஸ்ஸி, ஹொரேஸ் மகூன் என்ற இருவர் மயக்க நிலையில் இருந்த பூனைகளின் மூளைத்தண்டில் மின்தூண்டல் கொடுத்தார்கள். மூளை அலைகள் உறக்கத்தின் மெதுவான வடிவத்திலிருந்து விழிப்பின் வடிவத்துக்கு உடனே மாறின. மூளைத்தண்டில் விரவிக்கிடக்கும் அந்த நரம்பு வலைதான் வீட்டு மெயின் ஸ்விட்ச். அது இயங்கினால் கண் திறக்கும், உறக்கமும் விழிப்பும் மாறி மாறி வரும். ஆனால் மெயினைப் போட்டுவிட்டதாலேயே எல்லா அறையிலும் விளக்கு எரிந்துவிடாது. தான் இன்னார், எதிரில் இருப்பவர் இன்னார் என்ற உணர்வுக்கு மேலே உள்ள பெருமூளைப் புறணியும் தலாமஸும் ஒன்றோடொன்று பேசிக்கொண்டாக வேண்டும்.

கோமா காலவரையின்றி நீள்வது அரிது. உயிர் பிழைத்தவர்களில் பெரும்பாலோர் இரண்டு முதல் நான்கு வாரத்துக்குள் கண் திறந்துவிடுகிறார்கள். சினிமாவில் படம் அங்கே முடிந்துவிடும். நிஜத்தில் கணவனுக்கோ மனைவிக்கோ மிகக் கடினமான காலம் அன்றுதான் ஆரம்பிக்கிறது. ஊரிலிருந்து ஃபோன் வருகிறது: "முழிச்சிட்டாரா?" ஆமாம், கண் திறந்திருக்கிறது. ஆனால் அந்தக் கண் எதையும் பார்க்கவில்லை. கொட்டாவி விடுகிறார், பல்லைக் கடிக்கிறார், சில நேரம் சிரிப்பதுபோல் உதடு கோணுகிறது. இந்த நிலைக்கு 1972-ல் ஜென்னட்டும் ஃப்ரெட் பிளம்மும் சேர்ந்து ஒரு பெயர் கொடுத்தார்கள். தமிழில் தாவர நிலை என்று எழுதுகிறார்கள். மனைவியின் காதில் விழும்படி சொல்லத் தகுந்த பெயரா இது? 2010 முதல் ஐரோப்பிய மருத்துவர்கள் பலர் பதிலற்ற விழிப்பு நிலை என்று சொல்லத் தொடங்கியிருப்பது நல்ல காரியம்.

2002-ல் ஜோசஃப் ஜியாசினோவும் கூட்டாளிகளும் இதற்கும் முழு உணர்வுக்கும் நடுவே இன்னொரு நிலையை வரையறுத்தார்கள்: குறைந்தபட்ச உணர்வு நிலை. இதில் இருப்பவருக்கு உணர்வு இருக்கிறது, ஆனால் வந்து வந்து போகிறது. காலையில் ஆளைக் கண்ணால் தொடர்வார். பிற்பகலில் ஒன்றும் இருக்காது. பத்து மணிக்கு ரவுண்ட்ஸ் வரும் டாக்டர் சில நிமிடம் நின்று பார்க்கிறார். அந்தச் சில நிமிடத்தில் நோயாளியின் கதவு மூடியிருந்தால்?

2009-ல் பெல்ஜியத்தின் லியேஜ் குழு இதைச் சோதித்தது. மருத்துவக் குழு ஒருமனதாக "உணர்வு இல்லை" என்று முடிவு செய்திருந்த 44 பேரை விரிவான அளவுகோல் கொண்டு மறுபடி பார்த்தபோது, 18 பேருக்கு உணர்வு இருந்ததற்கான அறிகுறி கிடைத்தது. நூற்றுக்கு நாற்பத்தொன்று! அந்த அளவுகோலில் ஒரு சோதனை மிக எளிது. கைக்கண்ணாடி ஒன்றை முகத்துக்கு எதிரே பிடித்து, மெதுவாக இடமும் வலமும் மேலும் கீழுமாக நகர்த்துவார்கள். பேனாவையோ டார்ச்சையோ பின்தொடராத கண்கள், சிலருக்குத் தன் முகத்தை மட்டும் பின்தொடர்கின்றன. விலை உயர்ந்த ஸ்கேனுக்கு வழியில்லாத இடத்திலும் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி இருக்கும். டியூட்டி டாக்டரிடம் கேட்டுவிட்டு, பகலில் நோயாளி தெளிவாக இருக்கும் நேரத்தில் செய்து பார்க்கலாம்.

பக்கத்தில் இருப்பவருக்கு ஆதரவாக இன்னொரு ஆய்வும் உண்டு. முழு உணர்வு இருந்தும் கண்ணையும் இமையையும் தவிர எதையும் அசைக்க முடியாத பூட்டுண்ட நிலை என்று ஒன்று உண்டு. பிரான்ஸில் அப்படி வாழ்பவர்களைப் பற்றி 2002-ல் வந்த ஆய்வில், இவருக்கு உணர்வு இருக்கிறது என்று முதலில் கண்டது யார் என்று விசாரித்தார்கள். 55 சதவீதம் பேரின் விஷயத்தில் குடும்பத்தார். மருத்துவர் முதலில் கண்டது 23 சதவீதத்தில்தான்.

ஆனால் இதே கண் ஏமாறவும் செய்யும். ஆசை காட்டும் அசைவும் அசைவாகத்தான் தெரியும். உள்ளங்கையில் விரலை வைத்தால் மூளை அடிபட்டவரின் கை தானாக இறுகப் பிடித்துக்கொள்ளும். பிறந்த குழந்தையிடம் இருக்கும் அதே அனிச்சைச் செயல். "என் கையைப் பிடிச்சாரு சிஸ்டர்!" என்று ஓடிவரும் மனைவியிடம் நர்ஸ் தயங்குவது இதனால்தான். பிடி என்று சொல்வதைவிட, பிடித்த கையை விடச் சொல்வது நல்ல சோதனை. கட்டைவிரலைத் தூக்கச் சொல்வது அதைவிட நல்லது. ஒரே கட்டளையை நான்கு முறை கொடுங்கள். ஒவ்வொன்றுக்கும் பத்து விநாடி வாய் மூடிக் காத்திருங்கள். காயம்பட்ட மூளைக்குச் சொல் போய்ச் சேர நேரமாகும். அதற்குள் "கேக்குதா? கேக்குதா?" என்று அடுக்கினால் முதல் கட்டளையும் கெட்டுவிடும். கட்டளை எதுவும் கொடுக்காத நேரத்தில் அதே விரல் எத்தனை முறை தானாக அசைகிறது என்றும் பார்த்து வைக்க வேண்டும். நான்குக்கு மூன்று வந்தால் சும்மா விடாதீர்கள். நேரத்தையும், கடைசியாக எந்த மருந்து எப்போது போனது என்பதையும் குறித்து, முடிந்தால் ஃபோனில் வீடியோ எடுத்து டாக்டரிடம் காட்டுங்கள். "இன்னிக்கு நல்லா இருக்காருங்க" என்பதைவிட "காலை ஏழரைக்கு நாலுல மூணு தடவை கட்டைவிரலைத் தூக்கினாரு" என்பதற்கு டாக்டர் நின்று கேட்பார்.

கிஃபர்ட்ஸ் முதன்முதலாகக் கண் திறந்தது ஜனவரி 12 அன்று. நாடாளுமன்றத் தோழிகள் இருவர் கையைப் பிடித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். இமை பிரியப் போராடுவதைக் கவனித்த கெல்லி, என்னைப் பார்க்க முடிந்தால் கட்டைவிரலைக் காட்டு என்றார். கை மேலே எழுந்தது. சில நாள் கழித்து, அவர் கணவரின் விரலில் இருந்த திருமண மோதிரத்தைக் கழற்றி, ஒரு விரலிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிப் போட்டு விளையாடத் தொடங்கினார். கெல்லியின் கழுத்தைப் பிடித்துவிட்டார். மோதிரத்தை மோதிரமாகக் கையாள்வது எந்த அனிச்சைச் செயலாலும் முடியாத காரியம். தொண்டையில் குழாயோடு, பேச வழியில்லாமல் இருந்த ஒருவர், தான் வந்துவிட்டதைச் சொன்ன விதம் அது.

எதையும் வெளியே காட்டாதவர்கள் கதை என்ன? 2006-ல் ஏட்ரியன் ஓவன், பதிலற்ற நிலையில் இருந்த 23 வயதுப் பெண்ணை ஸ்கேனில் படுக்க வைத்து, டென்னிஸ் ஆடுவதாகக் கற்பனை செய்யச் சொன்னார். நம் மூளையில் எந்தப் பகுதி இயங்குமோ அதே பகுதி அவர் மூளையிலும் இயங்கியது. 2024-ல் வெளியான பன்னாட்டு ஆய்வில், கட்டளைக்கு எந்த அசைவும் காட்டாத 241 பேரில் 60 பேர் மூளைக்குள் கட்டளையைப் பின்பற்றியது தெரிந்தது. நான்கில் ஒருவர். ஆகவே கட்டிலின் அருகே நின்றுகொண்டு, "இன்னும் எத்தனை நாளுக்கு இப்படிச் செலவு பண்ணறது" என்று பேசும் சொந்தக்காரரைக் கையைப் பிடித்து வெளியே அழைத்துப் போய்விடுங்கள்.

பேச வேண்டியவர் பேசட்டும். நோயாளி கேட்க வேண்டியது தன் பெயரை, அதுவும் பழகிய குரலில். 2007-ல் சீனாவில் நடந்த சிறு ஆய்வு ஒன்று இதை ஸ்கேனில் பார்த்தது. பதிலற்ற நிலையில் இருந்த ஏழு பேரில் இருவருக்கு, தன் பெயரைக் கேட்டதும் மூளையின் மேல்நிலைப் பகுதிகள்வரை இயங்கின. பிற்பாடு உணர்வு திரும்பியவர்களும் அந்த இருவரே. நம் ஊரில் இதில் ஒரு சிக்கல் உண்டு. முப்பது வருடம் குடித்தனம் செய்தும் புருஷன் பெயரை ஒருமுறைகூட உச்சரிக்காத பெண்கள் இன்னும் இருக்கிறார்கள். "என்னங்க, என்னங்க" என்றே கூப்பிட்டால், அந்த வார்டில் நான்கு கட்டிலுக்கும் அது பொருந்தும். வாய் வரவில்லை என்றால் நாத்தனாரோ அண்ணனோ பெயர் சொல்லிக் கூப்பிடட்டும். அதற்குப் பிறகு மனைவி பேசட்டும். 2015-ல் தெரஸா பேப் சிகாகோவில் செய்த சிறு சோதனையில், குடும்பத்தார் தங்கள் குரலில் பதிவு செய்த பழைய நிகழ்ச்சிகளை நோயாளிகள் தினமும் சில வேளை, வேளைக்குப் பத்து நிமிடம் கேட்டார்கள். பொதுவான ஆறுதல் அதில் இல்லை. இன்ன கல்யாணம், இன்ன பயணம், அன்று மழை வந்தது, கார் நின்றுபோனது என்று இருவருக்கும் சொந்தமான விவரங்கள். கேட்டவர்களின் மூளையில் மொழிக்கும் நினைவுக்கும் உரிய பகுதிகள் கூடுதலாக இயங்கின. பதினைந்தே பேர் பங்கேற்ற ஆய்வு, பெரிதாக நம்பிவிட முடியாது. செலவில்லை, கெடுதல் இல்லை. பத்து நிமிடம் பேசிவிட்டு அமைதியாக விட்டுவிட வேண்டும் என்பதுதான் முக்கியம். விசிட்டிங் நேரத்தில் எட்டுப் பேர் கட்டிலைச் சூழ்ந்து "நான் யாரு தெரியுதா?" என்று கேட்பதால் மூளை களைத்துப் போகிறது.

பேசாத நேரத்தில் உடம்பைப் பார்க்கலாம். பார்த்தே ஆக வேண்டும். லண்டனில் 2013-ல் செய்த ஆய்வில், ஐ.சி.யூ.வில் படுத்த பத்தே நாளில் முன்தொடைத் தசையின் பருமன் சராசரியாக 17.7 சதவீதம் குறைந்திருந்தது. இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைப்பது, குதிகாலில் புண் வருகிறதா என்று பார்ப்பது, பாதம் தொங்கிப்போகாமல் செங்குத்தாக நிறுத்துவது, பிசியோ காட்டிக்கொடுத்த மாதிரி மூட்டுகளை மடக்கி நீட்டுவது. நினைவு திரும்பிய பிறகு நடப்பதா இல்லையா என்பதை இவையும் தீர்மானிக்கின்றன. கழுத்தில் துளை போட்டு டிரக்கியாஸ்டமி செய்தால் பலர் பயந்துவிடுகிறார்கள். கிஃபர்ட்ஸுக்கு ஒரே வாரத்தில் செய்தார்கள். காற்று குரல்வளைக்குக் கீழேயே போய்வருவதால் சத்தம் வராது. பேச்சு போய்விட்டது என்று பொருளில்லை.

உணர்வு திரும்பும் வழியில், யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒரு கட்டம் உண்டு. நோயாளி குழாயைப் பிடுங்குவார், கத்துவார், எழுந்து ஓடப் பார்ப்பார், வாழ்நாளில் சொல்லாத கெட்ட வார்த்தையால் மனைவியைத் திட்டுவார். "அவர் அப்படிப்பட்ட ஆளே இல்லீங்க" என்று அழுதபடி சொல்லும் பெண்ணிடம் நர்ஸ், "இது நல்லதுக்குத்தாம்மா" என்பார். உண்மைதான். மூளை விழித்துவிட்டது, ஆனால் புதிய நினைவுகளைச் சேர்த்துவைக்கும் அமைப்பு இன்னும் வேலை செய்யவில்லை. ஒவ்வொரு ஐந்து நிமிடமும் அவர் புதிதாக, தெரியாத இடத்தில், தெரியாத வலியோடு கண் விழிக்கிறார். இந்த நாட்கள் பின்னால் அவர் ஞாபகத்தில் இருக்காது. அப்போது வாதாடுவதில் பயனில்லை. டிவியை அணைத்துவிட்டு, ஒரே ஒருவர் மட்டும் இருந்து, சின்ன வாக்கியமாக, "ஆஸ்பத்திரியில இருக்கீங்க. அடிபட்டுச்சு. நான் கூடவே இருக்கேன்" என்று எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்லலாம்.

கிஃபர்ட்ஸுக்கு நின்றுபோனது மொழி. இடது மூளையில் அடிபட்டால் சொல்ல வந்தது மனதில் இருக்கும், சொல் வராது. பிப்ரவரியில் ஒருநாள் காலை உணவுக்கு டோஸ்ட் வேண்டும் என்று கேட்டது தேசியச் செய்தியாயிற்று. ஆச்சரியம் என்னவென்றால், வாக்கியம் வராத காலத்திலேயே பாட்டு வந்தது. பாட்டுக்கு வலது மூளையும் கைகொடுப்பதால், சொல்ல வேண்டியதை ராகம் போட்டுச் சொல்லவைக்கும் சிகிச்சையை 1973-லேயே பாஸ்டன் மருத்துவர்கள் வகுத்திருந்தார்கள். ஹூஸ்டன் மறுவாழ்வு மையத்தில் கிஃபர்ட்ஸ் அப்படித்தான் பயின்றார். பக்கத்தில் இருப்பவர் செய்யக் கூடாத ஒன்று இங்கே உண்டு: அவர் தேடும் சொல்லை முந்திக்கொண்டு எடுத்துக் கொடுப்பது.

மே 16 அன்று கெல்லி எண்டெவர் விண்கலத்தின் தளபதியாக விண்வெளிக்குப் போனார். இரண்டு நாள் கழித்து, அவர் பூமியைச் சுற்றிக்கொண்டிருக்கும்போது, மனைவிக்கு மண்டையோட்டை மூடும் அறுவை சிகிச்சை நடந்தது. நம் ஊரில் ஒரு மனைவி இப்படி வேலைக்குத் திரும்பியிருந்தால் தெரு என்ன பேசும் என்பது நமக்குத் தெரியும். நான் கெல்லி பக்கம். கூட இருப்பவரின் தூக்கமின்மை, பதற்றம், மனச்சோர்வு எல்லாம் சேர்ந்த நிலையை 2010 முதல் தீவிர சிகிச்சை மருத்துவர்கள் தனி நோய்த்தொகுப்பாகவே பேசுகிறார்கள். உயிரோடு இருக்கும் ஒருவரை இழந்து நிற்கும் துக்கத்தைப் பற்றி பாலின் பாஸ் என்ற அமெரிக்கப் பேராசிரியை ஆயுளெல்லாம் எழுதியிருக்கிறார்: சடங்கு இல்லை, முடிவு இல்லை, அழுதால் "அபசகுனமா அழாதே" என்பார்கள். இதில் பணக் கவலை வேறு. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் வந்த 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டம் சாலை விபத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குக் கைகொடுக்கிறது. அதற்குப் பிறகு வரும் மாதங்கள்தான் குடும்பத்தின் தலையில் விழுகின்றன. ஆகவே முறை போட்டுக்கொண்டு இரவு தங்குவதற்கு ஆள் பிடிப்பதும் சிகிச்சையில் ஒரு பகுதியே.

ஒரு நோட்டும் வாங்கி வையுங்கள். ஸ்காண்டிநேவிய நாடுகளில் ஐ.சி.யூ. நர்ஸுகளும் குடும்பமும் சேர்ந்து நோயாளிக்காக நாட்குறிப்பு எழுதும் வழக்கம் உண்டு. ஆறு ஐரோப்பிய நாடுகளில் நடந்து 2010-ல் வெளியான சோதனையில், அதைப் பெற்றவர்களில் 5 சதவீதம் பேருக்கும் பெறாதவர்களில் 13 சதவீதம் பேருக்கும் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோய் வந்தது. 2019-ல் பிரான்ஸின் 35 ஐ.சி.யூ.க்களில் செய்த பெரிய சோதனையோ அப்படிப் பலன் எதையும் காட்டவில்லை. சான்று இரண்டு பக்கமும் இருக்கிறது. இருந்தாலும் எழுதுங்கள். காணாமல்போன வாரங்களில் என்ன நடந்தது என்று அவர் பின்னால் கேட்பார்; கட்டைவிரல் கணக்கும் அதே நோட்டில் இருக்கும்.

"பழையபடி ஆவாரா?" என்ற கேள்விக்கு அவசரப்பட்டுப் பதில் சொல்ல வேண்டாம் என்கிறது அமெரிக்க நரம்பியல் கழகத்தின் 2018 வழிகாட்டுதல்: முதல் 28 நாளில் எல்லோருக்கும் பொதுவாக நம்பிக்கையில்லை என்று சொல்லாதீர்கள். 2021-ல் வெளியான அமெரிக்க ஆய்வில், தலையில் அடிபட்டு இரண்டு வாரம் கழித்தும் பதிலற்ற நிலையில் இருந்தவர்களில் 78 சதவீதம் பேருக்கு ஓராண்டுக்குள் உணர்வு திரும்பியது. இடமும் நாளும் தெரியும் அளவுக்குத் தெளிந்தவர்கள் நான்கில் ஒருவர். இதயம் நின்றுபோய் ஆக்ஸிஜன் கிடைக்காமல் மூளை கெட்டவர்களுக்கு வாய்ப்பு இதைவிடக் குறைவு. இரண்டு எண்ணையும் சேர்த்தே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

வீடு திரும்பிய பிறகும் நாற்காலிக்காரரின் கண்ணுக்கு வேலை குறைவதில்லை. வந்து பார்க்கிறவர்கள், "நல்லாத்தானே பேசறார், அப்புறம் என்ன?" என்று காபி குடித்துவிட்டுப் போவார்கள். கால் மணி நேரம் யாராலும் நன்றாகப் பேசிவிட முடியும். அவர்கள் போனதும் அவர் களைத்து இரண்டு மணி நேரம் தூங்குவதும், மூன்று சாமான் வாங்கக் கடைக்குப் போனவர் ஒன்றோடு திரும்புவதும், அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்து குளிக்கப் போவதும் மனைவிக்குத்தான் தெரியும். மூளையின் முன்பகுதியில் அடிபட்டவர்களுக்குத் திட்டமிடுவதும் ஒன்றைத் தொடங்கி முடிப்பதும்தான் கடைசியில் சீராகும். எந்த ஸ்கேனும் இதைக் காட்டாது. அடுத்த ரிவ்யூவுக்குப் போகும்போது மாத்திரைச் சீட்டோடு அந்த நோட்டையும் எடுத்துப் போய், வண்டி ஓட்டலாமா, வேலைக்கு அனுப்பலாமா என்று டாக்டர் முடிவு செய்வதற்கு முன்பே அந்தப் பக்கங்களைப் பிரித்துக் காட்டுவது நல்லது.